எழுதும் பொறிக்குப் பிறர் பூட்டு எதற்கு?

2025-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 14-ஆம் நாளன்று, உலகெங்கும் மேசைகளின்மேல் நன்னிலையில் இயங்கிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கணிப்பொறிகள் ஒரே நாளில் முதுமையெய்தின. அவற்றின் உறுப்புகள் பழுதுபடவில்லை, விசைகள் தேயவில்லை, திரைகள் மங்கவில்லை. அவற்றுள் இயங்கிய விண்டோசு 10 என்னும் இயங்குதளத்திற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொள்வதாக, அதனைச் செய்து விற்ற மைக்ரோசாப்டு நிறுவனம் முன்னரே குறித்து வைத்திருந்த நாள் அது. அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11-க்கு மாறிக்கொள்ளலாமே எனின், அந்நிறுவனம் வகுத்துள்ள வகையிலான பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் அதற்கு வேண்டும். அவை இல்லாத பொறிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. தனியாளர்க்கு ஓராண்டுத் தவணை மட்டும் தரப்பெற்றது. தவணை தீர்வாகாது என்பதைக் கடன்பட்டவர் யாவரும் அறிவர்.

இங்கு எழும் வினா விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. உழைத்து ஈட்டிய பொருளால் நீங்கள் வாங்கிய பொறி, உங்கள் மேசைமேல், உங்கள் வீட்டு மின்னாற்றலில் இயங்குகின்றது. அதில் எழுதப்பெறுவன உங்கள் எழுத்துகள். சேர்த்து வைக்கப்பெறுவன உங்கள் கணக்குகள், உங்கள் குடும்பத்துப் படங்கள், உங்கள் பிள்ளைகளின் பாடங்கள். ஆயினும், அப்பொறி இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கலாம் என்பதை முடிவு செய்பவர் நீங்களல்லர்! கலப்பையை விற்றவன் எட்டாம் ஆண்டில் வந்து, 'இனி இதனால் உழாதே' என்று கூறுவானாயின் எந்த உழவன் பொறுப்பான்? உழவன் பொறுக்காததை எழுத்தாளனும் ஆசிரியனும் அலுவலனும் பொறுத்துக்கொண்டிருப்பது ஏன்?

வேறு வழியில்லை என்று எண்ணுவதே இதற்குக் கரணியம். வழி உண்டு, அது 30 ஆண்டுகளுக்கு மேலாகவே திறந்து கிடக்கின்றது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளமே நாம் சுட்டும் அவ்வழி. அதனுள்ளும் 'நிலைப்பதிப்பு' என வழங்கும் பதிப்பு அன்றாட மேசைப்பணிக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதையும், அதனைக் கைக்கொள்ளுங்கால் எதிர்ப்படும் இடர்கள் யாவை என்பதையும் ஒளிவு மறைவின்றி எடுத்துரைப்பதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் ஆளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடிநிலம். நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகவே திரைக்குச் செல்கின்றது. திரையினின்று வட்டுக்குச் செல்கின்றது. அதன் உள்ளமைப்பாகிய மூலநிரலை விற்பவர் பூட்டி வைத்துக்கொண்டால், அஃது என்ன செய்கின்றது என்பதை அவர் சொல்லக் கேட்பதன்றி நமக்கு வேறு வழியில்லை. கட்டற்ற மென்பொருளோ அவ்வாறன்று. அதனை எப்பணிக்கும் இயக்கலாம்; அதன் மூலநிரலைத் திறந்து பயிலலாம்; வேண்டியவாறு திருத்தலாம்; படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இந்நான்கு உரிமைகளே அதன் இலக்கணம். விலையின்மை அதன் விளைவுகளுள் ஒன்று. அதுவே அதன் உயிரன்று.

1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு சுடால்மன் 'குனு' என்னும் பெயரில் இத்தகைய முழு இயங்குதளமொன்றை ஆக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து மாணவரான லினசு டோர்வால்டுசு, அதற்கு இல்லாதிருந்த உட்கருவாக 'இலினக்சு' என்பதை எழுதி வெளியிட்டார்; மறு ஆண்டே அதனைக் கட்டற்ற உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இவ்விரண்டையும், பிறர் எழுதிய எண்ணற்ற மென்பொருள்களையும் ஒருங்கு தொகுத்து, ஒருவர் தம் பொறியில் நிறுவி ஆளத்தக்க முழுத்தளமாக்கும் பணியை 1993 ஆகசுட்டுத் திங்களில் இயன் மர்டாக்கு என்னும் இளைஞர் தொடங்கினார். தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயரே டெபியன்.

தொடங்கியவர் பெயரினும், தொடங்கப்பெற்றது நிலைத்த முறையே நாம் கருதத்தக்கது. மர்டாக்கு 1996-இலேயே தலைமையினின்று விலகினார், 2015-இல் மறைந்தார். டெபியன் தளரவில்லை. ஏனெனில் அஃது ஒருவரின் உடைமையாக இல்லை. பங்குகள் விற்று ஆதாயம் பங்கிடும் நிறுவனமும் அதன் பின்னால் இல்லை. உலகின் பல நாடுகளிலும் உள்ள ஏறத்தாழ ஆயிரம் ஆக்குநர்கள் தன்னார்வத்தால் கூடி உழைக்கின்றனர். 1997-இல் அவர்கள் தங்களுக்கும் தங்கள் பயனாளர்க்கும் இடையே குமுகாய உடன்படிக்கை ஒன்றனை வகுத்துக்கொண்டனர். தளம் என்றும் கட்டற்றதாகவே இருக்கும், குறைகளை மறையோம், பயனாளரையும் கட்டற்ற மென்பொருளையுமே முதன்மையாகக் கருதுவோம் என்பன அதன் உள்ளடக்கம். மறு ஆண்டில் அமைப்புக்கான ஆட்சி முறைமையையும் எழுதினர். அதன்படி ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவரே வழிதவறினும் பொதுத் தீர்மானத்தால் திருத்தலாம். தோற்றுவித்தவர் மறைந்ததும் சிதறிப்போன அமைப்புகள் பலவற்றைக் கண்டவர்கள் நாம்; இவ்வொழுங்கின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

இனி, நிலைப்பதிப்பு என்பது யாது? டெபியனில் மூன்று படிகள் உள்ளன. புதிதாக எழுதப்பெற்ற மென்பொருட்பொதி முதற்கண் நிலையாப்பதிப்பினுள் நுழைகின்றது. டெபியன் பதிப்புகளுக்குப் பொம்மைகளைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படமொன்றன் உறுப்பினர் பெயர்களே இடப்பெறுகின்றன. அவற்றுள் நிலையாப்பதிப்புக்கு என்றென்றைக்கும் வழங்கும் பெயர் 'சிட்டு'. அப்படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் அண்டைவீட்டுச் சிறுவனின் பெயர் அது! அங்குச் சில நாள்கள் இருந்து, கடுங்குறை ஏதும் காணப்படாத பொதி, ஆய்வுப்பதிப்புக்குச் செல்கின்றது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை ஆய்வுப்பதிப்பின் வாயில் அடைக்கப்பெறும். அதன்பின் புதியது எதுவும் உட்புகாது. இருப்பவற்றின் குறைகளைக் களைவதே வேலை. அப்பணி முற்றிய பின்னரே அது நிலைப்பதிப்பாக வெளியிடப்பெறும். நாள் குறித்துவிட்டோமே என்று அரைவேக்காட்டைப் பந்தியில் பரிமாறும் வழக்கம் அங்கில்லை.

அவ்வாறு வெளிவந்த நிலைப்பதிப்பில், அதன் வாழ்நாள் முழுதும் பாதுகாப்புத் திருத்தங்களும் பெருங்குறை நீக்கங்களுமே செய்யப்பெறுகின்றன. பட்டிகள் இடம் மாறுவதில்லை; பழகிய பொத்தான்கள் மறைவதில்லை; நேற்று அச்சிட்ட ஆவணம் இன்று வேறு வடிவில் வந்து நிற்பதில்லை. வெளியீட்டினின்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முழுப் பேணுகையும், அதன்மேல் ஈராண்டுகள் நெடும்பேணுகையுமாக ஐந்தாண்டுகள் கிடைக்கின்றன. அதன்பின் அடுத்த நிலைப்பதிப்புக்குப் பொருள் கொடாமலே மாறிக்கொள்ளலாம். 2025 ஆகசுட்டு 9-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பாகிய 'டிரிக்சி'யில் 69,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன.

'இது பழமையைப் பற்றிக்கொள்வது ஆகாதா? புதிய பதிப்புகள் கிடைக்கும்போது ஈராண்டுப் பழையதை ஏன் ஆளவேண்டும்?' என்று வினவுவோர் உளர். அவர்கட்கு விடையாக, 2024-இல் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்சுசெட்டு' என்னும் சிறு கட்டற்ற மென்பொருளைப் பல்லாண்டுகளாக ஒருவரே பேணி வந்தார். அவர்க்கு உதவுவதாகப் புனைபெயரில் வந்த ஒருவர், ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையுடன் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அதனுள் கள்ளவாயில் ஒன்றை மறைத்து வைத்தார். பிறர் பொறிக்குள் பிறர் அறியாமல் நுழைதற்கான வாயில் அது. ஆந்திரேசு பிராயிண்டு என்னும் பொறிஞர், தாம் ஆய்ந்துகொண்டிருந்த டெபியன் நிலையாப்பதிப்பில் தொலைநுழைவு அரை நொடி காலந்தாழ்வதைக் கண்டு ஐயுற்றார், துருவினார், சூழ்ச்சியைக் கண்டு 2024 மார்ச்சு 29-இல் உலகிற்கு அறிவித்தார். அந்நஞ்சு டெபியனின் நிலையாப்பதிப்பிலும் ஆய்வுப்பதிப்பிலும் புகுந்திருந்தது. நிலைப்பதிப்பை அஃது எட்டவேயில்லை. நிலைப்பதிப்பைப் பயன்படுத்திய எளிய ஆசிரியர் ஒருவர், அச்செய்தியை அறியாமலே அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார். வாயிலில் காத்திருக்கச் செய்வதன் பயன் இதுவே. மூலநிரல் திறந்திருந்தமையால்தான் ஒரு தனியாளர் அதனைத் துருவிக் காண முடிந்தது என்பதையும் மறத்தல் கூடாது.

அதே ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள், அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமொன்று பிழையான புதுப்பிப்பு ஒன்றனை ஒரே நேரத்தில் உலகெங்கும் அனுப்பியது. ஏறத்தாழ 85 இலக்கம் விண்டோசுப் பொறிகள் நிலைகுலைந்தன. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகளும் வைப்பகங்களும் திகைத்தன. புதுமை குற்றமன்று, ஆயாமல் அனைவர் தலையிலும் ஒருங்கே ஏற்றப்பெறும் புதுமையே குற்றம். பதறிய செயல் சிதறும் என்பது நம் பாட்டிமாரும் அறிந்த உண்மையன்றோ?

டெபியனில் குறையே நேர்ந்ததில்லை என்று கூறோம். 2006-இல் அதன் ஆக்குநர் ஒருவர் மறைகுறியீட்டு மென்பொருள் ஒன்றில் செய்த தவறான திருத்தத்தால், பாதுகாப்புத் திறவுகள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. ஏறத்தாழ ஈராண்டு அப்பிழை கண்டறியப்படாமல் கிடந்தது; நிலைப்பதிப்பினுள்ளும் அது புகுந்திருந்தது. 2008 மே திங்களில் கண்டதும் அவர்கள் அதனை மூடி மறைக்கவில்லை. தாமே உலகிற்கு அறிவித்துத் திருத்தமும் வழங்கினர். பிழை செய்யாதவர் இலர். பிழையை ஒளிக்காதவரே நம்பத்தக்கவர்.

மேசைப்பணிக்கு வருவோம். கடிதமும் கட்டுரையும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீசு, இணையம் உலவப் பயர்பாக்சு, மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, படந்திருத்தக் கிம்ப்பு, இதழ்ப்பக்கம் அமைக்கச் சுகிரைபசு. இவை யாவும் டெபியனின் களஞ்சியத்திலேயே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கடைக்கு அலைய வேண்டியதில்லை. திருட்டுப்படி தேடிக் கூசவும் வேண்டியதில்லை. நிறுவும் நிரல் தமிழிலேயே வினவும். தமிழிலேயே விடை பெறும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக உருவான தமிழ்99 விசைப்பலகையும், ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்களும் களஞ்சியத்தில் உள்ளன. இடைமுகத்தின் தமிழாக்கம் முழுமையுற்றது என்று கூற இயலாது. ஆங்காங்கு ஆங்கிலமும் தலைகாட்டும். ஆனால் விடுபட்ட சொல்லை நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். பூட்டிய மென்பொருளில் அதற்காக விற்பவரிடம் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கோப்புகளைப் பற்றி நம் இதழ் பட்ட பாட்டைக் கூறினால் இதன் இன்றியமையாமை விளங்கும். ஒருங்குறி பரவுதற்கு முன்னர், நம் இதழின் பக்கங்களை நிறுவனம் ஒன்றன் தனி எழுத்துருவில், அந்நிறுவனத்தார் விற்ற மென்பொருளில் தட்டச்சிட்டோம். அந்நிறுவனம் அத்தொழிலை விட்டு நீங்கியது. புதிய பொறிகள் அம்மென்பொருளை ஏற்கவில்லை. பல்லாண்டுகள் உழைத்த கட்டுரைகளைத் திறந்தபோது, தமிழெழுத்து ஒன்றுகூட இன்றி, உரோமன் எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து கிடந்தன! அச்சிட்ட தாள்கள் எஞ்சியிருந்தமையால், அவற்றைப் பார்த்து மீண்டும் முதலிலிருந்து தட்டச்சிட்டோம். அச்சேறாத எழுத்துப்படிகள் சில போனவை போனவையே. எழுதியவர்களுள் இருவர் இன்று நம்மிடையே இல்லை. மறுபடி எழுதித் தருக என்று யாரைக் கேட்பது?

அன்று கற்ற பாடம் இது: எழுத்து நமதாக இருந்தால் மட்டும் போதாது, அதனைச் சேமிக்கும் வடிவமும் யாவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். லிப்ரே ஆபீசு சேமிக்கும் திறந்த ஆவண வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்றது. அதன் இலக்கணம் வெளிப்படையானது. இன்று அதனைத் திறக்கும் மென்பொருள்கள் யாவும் மறைந்தொழியினும், அவ்விலக்கணத்தைப் படித்துப் புதியதொரு மென்பொருளை எவரும் ஆக்கலாம். ஓலைச்சுவடி கறையானுக்கு இரையான கதை போதும். மின்சுவடியும் பூட்டுக்கு இரையாக விடலாமா?

இடர்களையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். சில அச்சுப்பொறிகளுக்கும் வருடிகளுக்கும் செய்தவர்கள் இயக்கிகளைத் தருவதில்லை; வாங்குமுன் வினவுதல் நன்று. வணிகர் சிலர் ஆளும் கணக்கு மென்பொருள்களும், அச்சகங்கள் கேட்கும் பக்க அமைப்பு மென்பொருள்களும் இதில் நேராக இயங்கா. அத்தகையோர் ஒரு பொறியைப் பழைய நிலையிலேயே வைத்துக்கொள்வது அறிவுடைமை. 13-ஆம் பதிப்பைப் பழைய 32 இருமப் பொறிகளில் புதிதாக நிறுவ இயலாது. மென்பொருள்களின் அண்மைப் பதிப்பு நிலைப்பதிப்பில் உடனே கிடைக்காது. அதுவே அதன் இயல்பு என்று முன்பே கூறினோம்.

இன்னுமொன்று தூய்மை பேணுவார் கருத்தில் கொள்ளத்தக்கது. கம்பியில்லா இணைப்பு முதலிய உறுப்புகள் இயங்குதற்கு, அவற்றைச் செய்தவர்கள் மூலநிரலின்றித் தரும் சிறு நிரல்கள் தேவைப்படுகின்றன. அவை கட்டற்றவை அல்ல என்பதால், டெபியன் தன் நிறுவட்டில் அவற்றை நெடுங்காலம் சேர்க்கவில்லை; அதனால் புதியவர்கள் நிறுவ முடியாமல் திரும்பிச் சென்றனர். 2022-இல் ஆக்குநர்கள் இதனை வெளிப்படையாக வழக்காடி வாக்களித்து, உடன்படிக்கையையும் திருத்தி, 12-ஆம் பதிப்பு முதல் அந்நிரல்களை நிறுவட்டில் சேர்த்தனர். ஆயினும் கட்டற்றவற்றோடு கலவாமல், தனிப்பிரிவில் பெயர் சுட்டி வைத்தனர். கொள்கையைக் கைவிட்டனர் என்று சிலர் வருந்தினர். நாம் அவ்வாறு கருதவில்லை. எது நம்முடையது, எது அயலானது என்பதை மறைக்காமல், வேண்டும் அளவுக்கு மட்டும் கொண்டு, மாற்று வந்ததும் தள்ளிவிட அணியமாக இருப்பதும் கொள்கை காக்கும் முறையே.

இத்தளம் விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணற்க. 2013-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மடிக்கணிப்பொறிகள் விண்டோசினின்று டெபியனுக்கு மாற்றப்பெற்றன; நிலைத்தன்மையும் நம்பகமும் தங்கள் கட்டுப்பாடும் வேண்டும் என்பதே சொல்லப்பெற்ற கரணியம். டெபியன்மேல் கட்டப்பெற்ற உபுண்டுத் தளத்தைப் பிரெஞ்சு நாட்டின் சாந்தார்மரி என்னும் காவற்படை 2008 முதற்கொண்டு தன் அலுவலகங்களில் ஆண்டு வருகின்றது. கேரளத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணிப்பொறி கற்பிக்கப்பெறுகின்றது. 'பாசு' என்னும் இயங்குதளத்தை டெபியனை அடியாகக் கொண்டு நம் சென்னையிலுள்ள நடுவணரசின் சி-டாக்கு நடுவமே ஆக்கியது.

தோற்ற கதையும் ஒன்றுண்டு. செர்மனியின் மியூனிக்கு நகராட்சி 2003-இல் தன் அலுவலகங்களைக் கட்டற்ற தளத்திற்கு மாற்றத் துணிந்து, பத்தாண்டுகள் உழைத்து, 2013-இல் அதனை நிறைவேற்றியது. 2014-இல் நகரத்தலைவர் மாறினார். 2017-இல் விண்டோசுக்கே திரும்புவதென நகர்மன்றம் முடிவு செய்தது. நல்ல மென்பொருள் மட்டும் போதாது. அதனைப் பேண உறுதியுள்ள மாந்தரும் வேண்டும் என்பதே அது தரும் படிப்பினை. அதே செர்மனியின் சுலெசுவிக்கு-ஓல்சுடைன் மாநிலம் 2024-இல், ஏறத்தாழ 30,000 பணிமேசைகளை லிப்ரே ஆபீசுக்கும் தொடர்ந்து இலினக்சுக்கும் மாற்ற முடிவெடுத்தமை, அப்பாதை அடைபட்டுவிடவில்லை என்பதற்குச் சான்று.

அன்பர்களே! நாளையே எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றுமாறு நாம் கூறவில்லை. நிலைப்பதிப்பை நாடுவோர் நிதானத்தோடே தொடங்குதல் வேண்டும். முதலில் உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். டெபியனின் உயிர்ப்படியை விரற்குச்சி நினைவகம் ஒன்றில் ஏற்றி, எதனையும் நிறுவாமலே ஓரிரு நாள்கள் இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறியும் இணைப்பும் ஒலியும் ஒத்துழைக்கின்றனவா என்று காணுங்கள். ஒத்துழைப்பின், விண்டோசு 11 ஏற்க மறுத்த அப்பழைய பொறியிலேயே நிறுவுங்கள். ஒரு திங்கள் முழுதும் உங்கள் எழுத்துப்பணி அனைத்தையும் அதிலேயே செய்யுங்கள். முதற்கிழமை கை தடுமாறும், இரண்டாங்கிழமை பழகும், அதன்பின் இயங்குதளம் ஒன்று இருப்பதே நினைவுக்கு வாராது. நல்ல இயங்குதளத்தின் அடையாளம் அதுவே.

கற்றதும் நின்றுவிடாதீர்கள். அண்டைவீட்டு மாணவர்க்கு நிறுவிக் கொடுங்கள். ஊர்ப் படிப்பகத்துப் பொறிக்கு நிறுவிக் கொடுங்கள். மொழியாற்றல் உடையவர்கள் விடுபட்ட சொற்களைத் தமிழாக்கி அனுப்புங்கள். குறை கண்டவர்கள் குறையை எழுதி அனுப்புங்கள். பிறர் ஆயிரவர் 30 ஆண்டுகள் உழைத்துக் கட்டிய வீட்டில் வாடகையின்றிக் குடியிருக்கும் நாம், ஒரு செங்கல்லாவது எடுத்து வைப்பது நன்றியுடைமையாகும்.

எழுத்தாணியைச் செய்தவன் எவனும், எழுதுவோன் கையினின்று அதனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதில்லை. இன்றைய எழுத்தாணியும் அவ்வாறே நம் கையில் நிலைக்கட்டும்! நம் பொறி நம் பொறியாகவே இருக்கட்டும்!